வாசகர் கேள்வி – பதில்: முதலில் ரோஸ்டரைக் கேளுங்கள்

முப்பத்தொரு வருடம் விமானம் ஓட்டிவிட்டு டிக்கோயாவுக்கே திரும்பி வந்தவன் என்று போன இதழில் என்னை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அதில் பதினான்கு வருடம் கொழும்பு, ஒன்பது வருடம் வளைகுடா, கடைசி எட்டு வருடம் கிழக்கே ஒரு மலிவுக் கட்டணக் கம்பனி. அறிமுகம் வந்த பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எந்த விமானக் கம்பனியில் வேலை நல்லது? என் பதில் தலைப்பிலேயே இருக்கிறது: ரோஸ்டர், அதாவது யார் எந்த நாள், எந்த நேரம் பறப்பது என்ற வேலை அட்டவணை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பூண்டுலோயாவிலிருந்து ஒரு தாய்: ஐயா, மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். பைலட்டாகத்தான் வருவேன் என்று நிற்கிறான். எந்தக் கம்பனியில் சம்பளம் கூட என்று சொன்னீர்களானால், அதற்கேற்ற மாதிரிப் படிக்க வைக்கலாம்.

அம்மா, சம்பளத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் தாயாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கொழுந்து பறித்தவர். மாத முடிவில் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் தனக்கு எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் கூலி, விழுந்திருக்கிறது என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்பார். நிறை குறைந்த நாளுக்கு அரைப்பேர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மழையில் நனைந்து, முழு நாளும் மலையில் நின்றிருப்பார். கொப்பியில் அரை நாள்தான் இருக்கும். "நின்ன நேரத்துக்கு யாரு காசு குடுப்பா?" என்பார்.

விமானி வேலையிலும் அதே கணக்கு இருக்கிறது. விமானம் நின்ற இடத்தை விட்டு அசைந்த நிமிடத்திலிருந்து, போன இடத்தில் போய் நிற்கும் நிமிடம் வரைக்கும்தான் பறந்த நேரம். 'பிளொக்' நேரம் என்போம். ஒரு மணிநேரத்துக்கு முன்பே வந்து எரிபொருள் கணக்கும் வானிலையும் பார்த்தது, மூடுபனி விலகட்டும் என்று ஆசனத்தில் காத்துக் கிடந்தது, இரண்டு பயணத்துக்கு நடுவில் வெளியூர் விமான நிலையத்தில் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தது எல்லாம் கடமை நேரம். ஆனால் பல கம்பனிகளில் மணிக்கணக்குக் காசு பிளொக் நேரத்துக்குத்தான். அமெரிக்காவில் பெரும்பாலும் சம்பளமே மணிக்கணக்கு. மாதத்துக்கு இத்தனை மணி நிச்சயம் என்று ஒரு அடித்தொகை எழுதியிருப்பார்கள். வளைகுடாவில் மாதச் சம்பளம் ஒன்று, அதற்கு மேல் பறந்த மணிக்கு ஒரு தொகை, வீடு, பிள்ளைகளின் படிப்புச் செலவில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு கம்பனியின் மாதத் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றும் விளங்காது. பறக்காத மாதத்தில் கைக்கு என்ன வரும் என்று கேட்க வேண்டும். 2020இல் விமானங்களெல்லாம் தரையில் நின்றபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஹொங்கொங்கின் கத்தே பசிபிக் 5,900 பேரை வேலையிலிருந்து எடுத்தது. மிஞ்சிய விமானிகளுக்குக் குறைந்த சம்பளத்தில் புது ஒப்பந்தம் நீட்டியது. அதற்கு முன்பு வரை அதைத்தான் எல்லோரும் பொன் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, எந்தக் காசில் சம்பளம் என்பது. இலங்கையில் 2022 மார்ச்சுக்கு முன் டொலருக்குச் சுமார் 200 ரூபாய். மே மாதம் 360 தொட்டது. அதற்கு மேல் 2023 ஜனவரியிலிருந்து உச்ச வருமான வரி 36 வீதம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அனுபவசாலிகள் ஏன் கூட்டமாகப் போனார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் அம்மா, உங்கள் மகன் இருக்கும் இடத்தில் இதெல்லாம் பத்து வருடம் தள்ளி. இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: பயிற்சிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. கண், நிறம் பிரித்தறிதல், காது, இருதயம் எல்லாம் பார்ப்பார்கள். கடன் வாங்கிப் பாதிப் பயிற்சி முடித்த பிறகு நிறக்குருடு என்று தெரியவந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். இந்த வரியை எழுதும்போதும் அவன் அப்பாவின் முகம்தான் எனக்கு முன்னால் நிற்கிறது. பரிசோதனை தேறினால் இரத்மலானையில் பயிற்சிப் பாடசாலைகள் இருக்கின்றன. வணிக விமானி லைசன்ஸுக்குப் பொதுவாக 200 மணி பறந்திருக்க வேண்டும், தொடர்ச்சியான முழுப் பயிற்சியாக இருந்தால் 150. கப்டனாவதற்குரிய உயர் லைசன்ஸுக்கு 1,500 மணி. ஆங்கிலத்தில் சர்வதேசத் தரப்படி நான்காம் நிலையாவது வேண்டும். அது இலக்கணப் பரீட்சை அல்ல, வானலையில் காதில் விழுவதைச் சட்டென்று புரிந்துகொண்டு பதில் சொல்வது. கணிதத்தை அவன் பார்த்துக்கொள்வான். நீங்கள் இன்றைக்கே ஆங்கிலத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஹட்டனைச் சேர்ந்த உதவி விமானி, இப்போது நீர்கொழும்பில்: அண்ணா, ஏ320 விமானத்தில் உதவி விமானியாக இருக்கிறேன். 2,100 மணி ஆகிறது. வளைகுடாவில் ஒரு பெரிய கம்பனி அழைத்திருக்கிறது. இங்கே எடுப்பதைப் போலப் பல மடங்கு. மனைவிக்கு ஆறாம் மாதம். போகவா, இருக்கவா?

தம்பி, இந்தக் கடிதத்தை இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பதினைந்தாம் வருடத்தில் என் கையிலும் இப்படி ஒரு கடிதம் இருந்தது.

முதலில் அங்கே நல்லது என்ன என்று சொல்கிறேன். வரி கிடையாது. வீடு கிடைக்கும், இல்லாவிட்டால் அதற்குக் காசு. எமிரேட்ஸ் போன்ற இடத்தில் எல்லாமே அகல உடல் விமானம், நீ 777இலோ ஏ380இலோ உட்காருவாய். பயிற்சியும் பராமரிப்பும் முதல் தரம். விமானத்தின் நிலையைப் பற்றி ஒரு நாள்கூட எனக்குக் கவலை வந்ததில்லை. என் தங்கச்சிமார் இருவருக்கும் கல்யாணம் நடந்ததும், அம்மா லயத்துக் காம்பராவை விட்டு வெளியே வந்ததும் அந்தச் சம்பளத்தில்தான். அதை நான் மறைக்க மாட்டேன்.

இனி மற்றதைக் கேள். கொழும்பிலிருந்து நீ சென்னைக்கும் திருச்சிக்கும் மாலேக்கும் போய்விட்டுப் பெரும்பாலும் அன்றைக்கே வீடு வருவாய். ஒரு மாதத்தில் கை நிறையத் தரையிறக்கம் இருக்கும். நீண்ட தூரத்தில் அது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறையும். சட்டப்படி 90 நாளில் மூன்று தரையிறக்கம் இல்லாவிட்டால் ஆசனத்தில் உட்கார முடியாது, சில பேர் அதற்காகவே பறப்பைப் பாவனை செய்யும் சிமுலேட்டருக்குப் போவார்கள். உன் வயதில் கைத்திறன் வளர வேண்டிய நேரம் அது. வளைகுடா விமான நிலையங்கள் நள்ளிரவு தாண்டித்தான் விழித்துக்கொள்ளும். ஐரோப்பாவிலிருந்து வந்த கூட்டத்தை ஆசியாவுக்கு மாற்றி ஏற்றும் நேரம் இரவு இரண்டு, மூன்று. மனித உடம்பு மிகவும் தாழ்ந்து கிடக்கும் நேரமும் அதுதான், இரண்டிலிருந்து ஆறு வரை. மாதம் முழுக்க உன் ரோஸ்டர் அந்த நேரத்தைச் சுற்றியே ஓடும்.

நான் காலை எட்டு மணிக்கு வீடு வந்து படுப்பேன். வெளியே நாற்பது பாகை வெயில். யன்னல் திரையின் நடுவில் வெளிச்சம் வரும் கோட்டை, காற்சட்டை தொங்கவிடும் ஹேங்கரின் கிளிப்பால் கவ்வி மூடுவேன். எந்த ஊர் ஹொட்டேலிலும் விமானிகள் செய்யும் வேலை அது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பாடசாலை விட்டு வந்ததும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து அறைக்குப் போவாள். அப்பா தூங்குகிறார். நான் வீட்டில் இல்லாத நாட்களிலும் அவள் அப்படித்தான் நடந்தாள் என்று வருடங்கள் கழித்து மனைவி சொன்னார்.

இன்னொரு சம்பவம். ஐந்து இரவில் நான்காவது இரவுப் பறப்புக்கு அழைப்பு. குளித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடுகிறேன், மேலே ஒன்று கீழே ஒன்றாகப் போகிறது. கழற்றிப் போட்டேன், திரும்பவும் அப்படியே. கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, களைப்பாக இருக்கிறது, இன்று பறக்கத் தகுதியாக இல்லை என்றேன். மறுமுனையில் முதல் கேள்வி: "சுகமில்லை என்று போட்டுவிடட்டுமா, கப்டன்?" இதில் என்ன இருக்கிறது என்று வெளியாருக்கு விளங்காது. களைப்பு என்று பதிந்தால், ரோஸ்டர் ஏன் அப்படிப் போனது என்று கம்பனி தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நோய் என்று பதிந்தால் அது என் கணக்கு. நான் களைப்பு என்றே பதியச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு அழைத்து, ஓய்வு நாட்களில் என்ன செய்கிறேன், வீட்டில் பிரச்சினையா, எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்று ஒரு மணிநேரம் விசாரித்தார்கள். ரோஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு என்னைப் போன்றவர்கள் நோய் என்றே போட்டோம். அந்த வருடம் களைப்பு முறைப்பாடு குறைந்துவிட்டது என்று கூட்டத்தில் காட்டினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், நேர்முகத்துக்குப் போகும்போது சம்பளத்தைக் கேட்காதே, அது கடிதத்திலேயே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஒரு உதவி விமானியைத் தேடிப் பிடி. போன மாத ரோஸ்டரைக் காட்டச் சொல். எத்தனை இரவு வீட்டில் படுத்தான் என்று நீயே எண்ணு. களைப்பு என்று சொன்ன ஆளுக்கு என்ன நடந்தது என்று கேள். கடைசி நேரத்தில் ரோஸ்டரை மாற்றினால் மறுக்க முடியுமா என்று கேள். இதற்கு அவன் குரலைத் தாழ்த்திப் பேசினால் உனக்கு வேண்டிய பதில் அதிலேயே இருக்கிறது.

தொழிற்சங்கம் என்ன வேறுபாடு செய்யும் என்பதற்கு ஐரோப்பாவைப் பார். ரயன்எயார் பல காலம் விமானிச் சங்கங்களோடு பேசவே மறுத்தது. 2017 செப்டெம்பரில் விடுமுறைக் கணக்கை ரோஸ்டரில் பிழையாகப் போட்டு ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச் செய்ய வேண்டி வந்தது; அந்த டிசம்பரிலேயே சங்கங்களை அங்கீகரித்தது. லுஃப்தான்சா விமானிகள் 2022 செப்டெம்பர் 2ஆம் திகதி ஒரே நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சுமார் 800 பயணம் நின்றது. நம் நாட்டிலும் விமானிகளுக்குச் சங்கம் இருக்கிறது, பேசுகிறது, சண்டையும் பிடிக்கிறது. எமிரேட்ஸிலும் கட்டாரிலும் அப்படி ஒன்று கிடையாது. வேலை போனால் விசாவும் போகும், வீடும் போகும். சங்கம் கேட்டு நம் பாட்டன்மார் தோட்டத்தில் எத்தனை அடி வாங்கினார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த ஒன்பது வருடமும் இந்த ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாகவே இருந்தது.

என் தீர்ப்பைக் கேட்டாய். குழந்தை பிறந்து ஒரு வயதாகும்வரை இரு. இங்கே சிரேஷ்ட வரிசையில் உன் எண் என்ன, இடது ஆசனத்துக்கு, அதாவது கப்டன் இடத்துக்கு, இன்னும் எத்தனை பேர் என்று பார். இப்போது பலர் போய்விட்டதால் அந்த வரிசை வேகமாக நகரக்கூடும். கப்டனாக ஆயிரம் மணி சேர்த்துக்கொண்டு போகிறவனுக்கு எந்த நாட்டிலும் வேறு மரியாதை, வேறு ஒப்பந்தம். உதவி விமானியாகப் போனால் அங்கே வரிசையின் கடைசியில் நிற்பாய். கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் அது வேறு கதை. அப்போது போ, ஆனால் எத்தனை வருடம் என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு எண்ணைத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போ. நான் ஐந்து என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், எழுதி வைக்கவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: 1974இல் ஏழு கன்னி மலையில் மோதிய விமானத்தின் விமானிகளும் களைப்பாக இருந்தார்களா? களைப்புக்கு உலகத்தில் சட்டம் இல்லையா?

சேர், அந்த இரவு எனக்கு எட்டு வயது. டிசம்பர் 4. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்கி ஜித்தா போக வேண்டிய டச்சுக் கம்பனியின் டீசி-8 விமானம். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் அப்பாவும் மாமாவும் மற்ற ஆட்களோடு மலைக்குப் போனார்கள். அப்பா இருட்டிய பிறகு வந்து, வீட்டுக்குள் ஏறாமல் நேரே பீலிக்குப் போய் வெகுநேரம் குளித்தார். மார்கழிக் குளிரில். என்ன பார்த்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. பிற்பாடு நோட்டன் பிரிஜ்ஜில் நினைவாக வைத்த அந்த விமானத்தின் சக்கரத்தை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் தொழிலை நான் அங்கேதான் தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்கிறேன்.

விசாரணையில் சொன்ன காரணம் களைப்பு அல்ல. தாங்கள் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்து, விமான நிலையம் நெருங்கிவிட்டது என்று நினைத்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். இன்றைக்கு மலை முன்னால் வந்தால் கருவியே கத்தும்.

களைப்பு தெளிவாகப் பதிவான விபத்து மங்களூரில் நடந்தது, 2010 மே 22. டுபாயிலிருந்து இரவு முழுக்கப் பறந்து காலை ஆறு மணியளவில் இறங்கிய எயார் இந்தியா எக்ஸ்பிரஸ். கப்டன் வழியில் ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் தூங்கினார், அவருடைய குறட்டை குரல்பதிவில் இருந்தது. விழித்தவருக்குத் தூக்கக் கலக்கம் தெளியவில்லை. உதவி விமானி மூன்று முறை இறங்க வேண்டாம், மேலே எழும்புவோம் என்றார். 158 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் பட்டிக் எயார் ஏ320 ஒன்றில் இரண்டு விமானிகளும் 28 நிமிடம் ஒரே நேரத்தில் தூங்கினார்கள், 153 பயணிகள் பின்னால். உதவி விமானியின் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள். அந்த அறிக்கையைப் படித்தபோது அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் இருக்கிறது சேர், ஆனால் ஒவ்வொரு நாடும் தனக்கென்று எழுதிக்கொள்வது. ஐரோப்பாவில் 28 நாளில் 100 மணி, ஒரு நாட்காட்டி வருடத்தில் 900 மணிக்கு மேல் பறக்கக்கூடாது. அமெரிக்காவில் 365 நாளில் 1,000. அங்கே இப்போதிருக்கும் விதி 2009இல் பஃபலோ நகரத்துக்கு அருகே விழுந்து 50 பேரைக் கொன்ற கோல்கன் விமானத்துக்குப் பிறகு வந்தது. அதில் கப்டன் முந்தின நாள் இரவைக் கம்பனி ஓய்வறையில் கழித்திருந்தார். உதவி விமானி வேலைக்கு வருவதற்காக இரவோடு இரவாக நாட்டின் மறுகரையிலிருந்து சரக்கு விமானத்தில் தொற்றி வந்திருந்தார். களைப்பின் பங்கு எவ்வளவு என்று விசாரணையாளர்களால் அளந்து சொல்ல முடியவில்லை. ஆனாலும் இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை, வாஷிங்டனுக்குப் போய்ப் போய் விதியை மாற்ற வைத்தார்கள். இந்தியாவில் 2024இல் எழுதிய விதியில் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48க்கு உயர்த்தினார்கள், இரவுத் தரையிறக்கத்தை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். முழுவதும் நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 1. அடுத்த மாதமே இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச் செய்தது. புது விதிக்குப் போதுமான ஆட்கள் ரோஸ்டரில் இல்லை என்பது முக்கிய காரணம். உடனே இரவு விதிகள் சிலவற்றை அந்தக் கம்பனிக்குத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. விதியை எழுதிக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் நேரம் கொடுத்திருந்தார்களே.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த எண்களெல்லாம் மேல்வரம்பு. நல்ல கம்பனி அதற்கு நன்றாகக் கீழே ரோஸ்டர் போடும். மோசமான கம்பனி வரம்பையே இலக்காக வைத்துக்கொள்ளும்.

நோர்வூட்டிலிருந்து ஓர் இளைஞர்: காசல்ரி நீர்த்தேக்கத்தில் இறங்கும் மிதவை விமானத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. மாலைதீவில் அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். அது நல்ல வேலையா?

நல்ல வேலை தம்பி, உடம்புக்கு உழைப்பு அதிகம். டிரான்ஸ் மால்டிவியன் உலகத்திலேயே பெரிய மிதவை விமானக் கம்பனி. டுவின் ஒட்டர் விமானம், தானியங்கி ஓட்டுநர் என்று நம்பி இருக்க முடியாது, ஒரே நாளில் பல முறை ஏறி இறங்குவாய். வெறுங்காலோடுதான் ஓட்டுவார்கள். தண்ணீரில் இறங்குவதற்குக் கண் வேண்டும், ஆகவே பகலில் மட்டும் பறப்பு. இரவு முழுக்கத் தூக்கம்! அதன் அருமை எனக்குத்தான் தெரியும். வெயில், உப்பு, தீவுத் தனிமை, பெட்டி தூக்குவது எல்லாம் உண்டு. ஆனால் பின்னால் பெரிய ஜெட் கம்பனிக்குப் போக நினைத்தால், எஞ்சின் வகையையும் விமான எடையையும் பார்த்து அந்த மணிகளை முழுதாகக் கணக்கெடுக்காத கம்பனிகளும் இருக்கின்றன. அதை முதலே விசாரித்துக்கொள்.

பதுளையிலிருந்து: மலிவுக் கட்டணக் கம்பனி விமானிகள் தரத்திலும் குறைந்தவர்களா?

இல்லை. லைசன்ஸ் ஒன்றுதான், சிமுலேட்டர் பரீட்சையும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு நாலு பயணம், நடுவில் இருபத்தைந்து நிமிட நிறுத்தம், சாப்பாடு மடியில். நான் எட்டு வருடம் அப்படி ஓடினேன். பெரும்பாலான இரவுகள் என் கட்டிலில் கழிந்தன. ரயன்எயாரின் ஐந்து நாள் வேலை, நாலு நாள் ஓய்வு என்ற முறையைப் பெரிய பெரிய கம்பனி விமானிகளும் பொறாமையோடுதான் பார்க்கிறார்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவி: பெண்களுக்கு எந்தக் கம்பனி ஏற்றது என்று சொல்வீர்களா, சேர்? கல்யாணமானால் வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மகள், கல்யாணத்தால் லைசன்ஸ் போகாது. கர்ப்ப காலத்தில்தான் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஐரோப்பிய விதியில், மருத்துவர் சம்மதித்தால், இரண்டு விமானிகள் இருக்கும் விமானத்தில் 26ஆம் வாரம் முடியும்வரை பறக்கலாம். பல கம்பனிகள் தெரிந்த அன்றே தரையிறக்கி வைத்துவிடும். தரையில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் என்ன, திரும்பி வரும்போது சிரேஷ்ட எண் அப்படியே இருக்குமா, பிள்ளை சிறிதாக இருக்கும் காலத்தில் குறைந்த ரோஸ்டர் உண்டா என்று இந்த மூன்றையும் கேள். இந்தியாவில் பெண் விமானிகளின் பங்கு உலகச் சராசரியை விட எவ்வளவோ கூட. சென்னை அலைவரிசையில் பெண் கப்டன்களின் குரலைக் கேட்காத வாரமே எனக்கு இருந்ததில்லை. இதை வீட்டில் சொல்.

தலவாக்கலையில் கடை வைத்திருக்கும் ஒரு தந்தை: மகன் லைசன்ஸ் எடுத்து ஒன்றரை வருடமாக வேலை இல்லை. கொழும்பில் ஒரு ஏஜென்சி, வெளிநாட்டுக் கம்பனியில் 500 மணி பறக்க வைத்து வேலையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறது. பெரிய தொகை கேட்கிறார்கள். கடைக் காணி உறுதிப் பத்திரத்தை வங்கியில் அடகு வைக்கலாமா?

ஐயா, வைக்க வேண்டாம்.

இதற்குக் காசு கட்டிப் பறப்பது என்று பெயர். பயணிகள் டிக்கெட் எடுத்து ஏறிய விமானத்தில், வலது ஆசனத்தில் இருக்கும் உதவி விமானியும் காசு கட்டி உட்கார்ந்திருப்பான். அவன் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை, கம்பனிக்கு வாடிக்கையாளர். களைப்பு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, கப்டன் செய்யும் பிழையைச் சொல்லவும் வாய் வராது. 500 மணி முடிந்ததும் அடுத்த பிள்ளை காசோடு வாசலில் நிற்பான். மலைநாட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போன எத்தனை பெண்களை ஏஜென்சிக்காரர்கள் எப்படி எப்படி ஏமாற்றினார்கள் என்று நமக்குத் தெரியும். இது அதே ஆட்கள் கோட் போட்டு வந்தது போலத்தான்.

பொண்ட் என்பது வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பனி தன் செலவில் ஒரு விமான வகைக்குப் பயிற்சி கொடுத்து, இத்தனை வருடம் வேலை செய், இடையில் போனால் மிச்சத்தைக் கட்டு என்று சொல்வது நியாயம்தான். ஒப்பந்தத்தில் அந்தத் தொகை மாதாமாதம் குறைந்து வருகிறதா என்று பாருங்கள். கம்பனியே வேலையை விட்டு எடுத்தால் நீங்கள் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். நானே ஒரு முறை இரண்டாவதைப் படிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு இரண்டு வருடம் வயிற்றில் நெருப்போடு இருந்தேன்.

மகனுக்கு இப்போதைக்குச் செய்யக்கூடியது: லைசன்ஸும் மருத்துவச் சான்றும் காலாவதியாகாமல் வைத்திருப்பது, இரத்மலானையில் பயிற்றுநர் தகுதி எடுத்து அதில் மணி சேர்ப்பது. சம்பளம் சிறிது, ஆனால் அவன் பறக்கும் ஒவ்வொரு மணியும் அவன் பெயரில் விழும். ஏஜென்சி கொடுத்த தாள்களின் பிரதியை இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன். அதுவரை உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும். நாளைக்கே கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவர்கள் தொலைபேசியில் அவசரப்படுத்தினால், அந்த அழைப்பு வந்த திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.